சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த கல்

அபிராமபுரத்தில் கோமளத்தின் வீட்டை ஒட்டிய காலி மனை இருபது வருஷமாகச் சீமைக்கருவேலமும் புதருமாகக் கிடந்தது. தொண்ணூற்றைந்தில் ஒரு புரொமோட்டர் ஃப்ளாட் கட்டுவதற்காக அதை வாங்கினார். சுத்தம் செய்ய புல்டோசர் வந்த நாளிலிருந்து கோமளம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலிலேயே நின்றாள். ஒண்டியாக இருக்கும் டீச்சரின் நிலத்தில் கை வைப்பது இவர்களுக்கு ஒரு பெரிய காரியமா?

இரண்டே நாளில் மனை மொட்டையாகிவிட்டது. அவளுடைய மதில்சுவரை ஒட்டியிருந்த தூங்குமூஞ்சி மரத்தையும் வெட்டினார்கள். ஆனால் அடிக்கட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்றாம் நாள் காலை, வேலையை மேற்பார்க்கும் ரகுபதி, புல்டோசர் டிரைவரின் தோளில் கை போட்டு, அவள் சுவரைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். கோமளத்துக்கு விளங்கிவிட்டது. கட்டையைப் பிடுங்குகிற சாக்கில் சுவரைச் சாய்ப்பார்கள். திரும்பக் கட்டும்போது இரண்டடி தள்ளிக் கட்டுவார்கள்.

சற்று நேரத்தில் டிரைவர் பஞ்சாட்சரம் கடப்பாரையோடு அவள் கேட்டருகில் வந்து நின்றான்.

"அம்மா, வேரு உங்க செவுத்துக்கு அடியில பூந்து உள்ள வந்துகீது. அப்டியே இஸ்தா செவுரு வுயுந்துரும். உங்க பக்கம் தோண்டி வெட்டிட்டா தொல்லை இல்ல."

"இதத்தான் அவர் உன் காதுல ஓதினாரா?"

"செவுத்துகிட்ட பாத்து எடுன்னாரு. வேற இன்னா சொல்வாரு?"

"நீ தோண்டுவே, நாளைக்கு இதுவும் எங்க எடம்னு சொல்வார் அவர்."

"கூடவே நின்னு பாருங்கம்மா. ஒரு பிடி மண்ணு வெளிய போவாது."

அரைமனசாக உள்ளே விட்டாள். செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் அவன் தோண்ட, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் ஆழத்தில் வேர் தென்பட்டது. அதற்குச் சற்றுத் தள்ளிக் கடப்பாரை ணங்கென்று மோதியது. பஞ்சாட்சரம் கையால் மண்ணை விலக்கினான். சதுரமாகச் செதுக்கிய கருங்கல். தலையில் அம்புக்குறி.

"சர்வே கல்லும்மா. எல்லை இதான்," என்றான் தயங்கி.

சுவரிலிருந்து ஒன்றரை அடி அவள் பக்கம் உள்ளே இருந்தது அது. அந்தச் சுவரை எழுபத்திரண்டில் கட்டியவர் அவள் கணவர். அங்குலம் பிசகாமல் அளந்து கட்டியது என்று, சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஞ்சாட்சரம் தெருவை ஒருமுறை பார்த்தான். "மூடிடட்டாம்மா? அவரு இன்னும் வர்ல."

"மூடினா உனக்கு நான் என்ன பண்ணணும்?"

"தண்ணி குடுங்க. தொண்ட காயுது."

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நாளாகத் திருடர்களை எதிர்பார்த்து ஜன்னலில் நின்றது நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. வெளியே வந்து சொம்பை அவனிடம் நீட்டினாள்.

"மூடாதே. அவர் வரட்டும்."

ரகுபதி வந்து பார்த்தும் நம்பவில்லை. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதிதாக நட்டதா என்று மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"உங்களுக்கு நஷ்டம் ஆகுற விஷயத்தை நீங்களே கூப்பிட்டுக் காட்டறீங்களே மாமி, எதுக்கு?"

"இருக்கறது இருக்கு. அளந்து பாத்துக்கோங்கோ."

மறுநாள் சர்வேயரைக் கூட்டிவந்து இரண்டு தடவை அளந்தார். கல் சரியான இடத்தில்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் புல்டோசர் அடிக்கட்டையைச் சங்கிலி போட்டு இழுத்துப்போட்டது. பிறகு சுவரையும் தள்ளியது. செம்பருத்தியும் அதோடு போயிற்று. புழுதி அடங்கியதும் கோமளம் பஞ்சாட்சரத்திடம் வந்தாள்.

"ஏம்ப்பா, சுவர் கட்டறச்சே இந்தக் கல் கண்ணுல பட்டிருக்காதா?"

அவன் எஞ்சினை அணைத்தான். "அப்ப புல்லு மண்டிக் கெடந்திருக்கும்மா. யாருக்குத் தெரியும்?"

சுவர் கட்டிய எழுபத்திரண்டில் அந்த மனை புல் பூண்டில்லாத கட்டாந்தரை. தெருப்பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள்.

"இருக்கும்ப்பா," என்றாள் கோமளம்.