ரத்தம் வராத காயம்

பொன்னழகு வண்டியிலிருந்து குதித்தான். கீழே கிடந்த பழைய லாட ஆணி குதிகாலில் ஏறியது. நிலைதடுமாறிச் சரளையில் விழுந்ததில் முழங்கால் உரிந்துபோனது. ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான்.

தெருவே கூடிவிட்டது. ஒருத்தி காப்பித்தூள் என்றாள், ஒருத்தி சுண்ணாம்பு என்றாள். அவன் தாய் சோலையம்மாள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

"சாம்பல் வேணாம் அத்தை. மண்ணு போனாப் போதும்," என்றாள் கண்ணம்மாள். மருமகளாக வந்த பிறகு அவள் மாமியாரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆறிய வெந்நீரை ஊற்றிப் பொடிக்கல்லை எல்லாம் கழுவினாள். வெளுத்த வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். மேல்தோல் உரிந்த சிராய்ப்பு எரியும், ஆறிவிடும். அவள் பயம் அதில் இல்லை.

குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். எள்ளளவு ஓட்டை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சோப்புப் போட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். வெட்டுக்காயம் என்றால் வடிகிற ரத்தத்தோடு அழுக்கும் கொஞ்சம் வெளியேறும். குத்துக்காயம் அழுக்கை உள்ளே வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். அவள் அண்ணனுக்கும் இப்படித்தான் ஓர் ஆணி குத்தியது. ரத்தம் வராததை யார் பொருட்படுத்தினார்கள்? அடுத்த வாரம் அவனுக்கு வாய் கிட்டிப்போனது. ரண ஜன்னி என்றார்கள். பிழைக்கவில்லை.

"மாமா, திண்டுக்கல்லு ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுட்டு வந்துருங்க."

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு, இதுக்கு ஊசியா?"

"போங்க மாமா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினான்.

மதியத்துக்கு மேல் திரும்பினான். அவனுக்கு முன்னால் பிரியாணி வாசம் வந்தது. அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்திருந்தான். இடது கையைத் தாங்கிப் பிடித்தபடி, "அம்புட்டு நீள ஊசி!" என்று முனகினான். கண்ணம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவருவதற்குள் வலது கையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கையில போட்டாங்க?"

அவன் இந்தக் கையைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான். "ரெண்டுலயும்."

சோலையம்மாள் சிரித்துவிட்டாள். "ஏலே, மாட்டுக் கொம்பைப் புடிக்கிறவன், ஊசியைக் கண்டா ஓடுறியா? அப்பனை அப்படியே உரிச்சுவச்சுப் பெறந்துருக்கான்."

கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மோரை வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே தெருவில் இறங்கினாள்.

"கையை விடு புள்ள, ஊரு பாக்குது."

"பாக்கட்டும்."

டீக்கடையிலிருந்து மூக்கையா குரல் கொடுத்தான். "என்னப்பு, சந்தைக்கா ஓட்டிட்டுப் போறாக?"

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. பிடியை விடவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவன் முன்கையில் சின்னதாக ஒரு ஊசி போட்டாள். இறுக மூடியிருந்த கண்ணைத் திறந்தான். "இம்புட்டுத்தானா? இதுக்கா பயந்தேன்!" என்று துள்ளி எழுந்தான்.

"உக்காருங்க. இது மருந்து ஒடம்புக்கு ஒத்துக்குதான்னு பாக்குற ஊசி. செத்த நேரம் கழிச்சுத்தான் நெசமான ஊசி."

பொன்னழகு வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கண் நிறைந்திருந்தது.

"ஒங்க அண்ணன் நெனப்பா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, தன் கையைத் தானே அவள் மடியில் வைத்தான்.

"நல்லாப் புடிச்சுக்க புள்ள. விட்டா ஓடிருவேன்."