முந்திக்கொண்ட கெரெகெரெ

"காலேஜுக்கும் போயிட்டு, வர்ற காச வச்சு மாசத்த எப்படிடி ஓட்டுவ?" என்று, ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு லிதியாவைப் படகேற்றிவிடும்போது அம்மா கேட்டாள்.

இந்த மாதம் சுவாவில் உதவித்தொகை வந்ததுமே லிதியா வாடகையைக் கட்டினாள், பஸ் கார்டில் பணம் ஏற்றினாள். சாப்பாட்டுக்கு நாற்பது டாலர் மிஞ்சியது. துள்ளிக் குதித்தாள். அதே நேரம் வாசலில் அம்மாவின் தம்பி செமேசா வந்து நின்றார், தோளில் சந்தைக்குக் கொண்டுபோகும் தோட்டத்துச் சேப்பங்கிழங்குக் கட்டு.

போன மாதமும் இப்படித்தான் வந்து, "கெரெகெரெ, கொஞ்சம் காசு" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி உறவுக்காரர் கேட்டால் இல்லையென்று சொல்வது மானக்கேடு. கொடுத்துவிட்டு, மாதம் முழுக்க அவள் பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டினாள்.

"என்ன மருமகளே, பணம் வந்திருச்சாமே? முகமெல்லாம் பல்லா இருக்கு!"

லிதியாவுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"மாமா, கெரெகெரெ! அந்தக் கிழங்குக் கட்டு எனக்கு வேணும்."

"அடிப்பாவி! நான் கேக்கறதுக்குள்ள..."

"முந்திக்கிட்டேனே!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

அக்கா மகள் கேட்டதைத் தாய்மாமன் மறுக்கவே முடியாது. கொடுத்த கையோடு அவளிடமே திருப்பிக் கேட்பதும் அழகில்லை. செமேசா கட்டை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.