மூன்றாம் கட்டச் சோதனை

வேலையை விட்டதற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம் முதுகுவலி. உண்மையான காரணம் முடி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைத் திருச்சியில் உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. நாலு வருடமும் ராத்திரி ஷிப்ட். இருபத்தெட்டு வயதில் உச்சந்தலை தெரிய ஆரம்பித்தது. தூக்கம் கெட்டால் முடி கொட்டும் என்று எங்கோ படித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகும் முடி கொட்டியது.

கோபமெல்லாம் அப்பா மேல்தான். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் இருக்கிறார். கல்யாண போட்டோவிலேயே அவருக்குப் பாதித் தலை இல்லை. வேலை முடிந்து வந்து, துண்டால் மண்டையைத் துடைத்துக்கொண்டு அவர் சாப்பிட உட்காரும்போது எனக்குச் சோறு இறங்காது. "வேற என்னடா சொத்து வச்சிருக்கேன், இதையாவது வாங்கிக்க" என்பார். சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

மருந்து வரும்வரை இருக்கிற முடியைக் காப்பாற்றுவது என்பதுதான் என் திட்டம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தலையில் தடவும் புது மருந்து ஒன்றை மூன்று வருடமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. செத்ததாக நாம் நினைக்கும் முடிவேர்கள் சாகவில்லை, தூங்குகின்றன, இது எழுப்பிவிடும் என்றார்கள். முதல் கட்டம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் கையைத் தூக்கி உச்சந்தலையை போட்டோ எடுத்து வைத்தேன். முசிறியில் பவித்ரா என்று ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்து, பையன் போட்டோ கேட்டார்கள். மருந்து வரட்டும் என்றேன்.

அம்மா மயிலம்மாளுக்கு எல்லாம் தெரியும். அங்கன்வாடியில் சமைக்கிறாள். எனக்குத் தோசை வைத்துக்கொண்டே, மருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், தலை எரியுமா என்றெல்லாம் விசாரிப்பாள். சில நாள் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம் போலத் தோன்றும்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை மூன்றாம் கட்ட ரிசல்ட் வந்தது. நல்ல ரிசல்ட். போனோடு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நிச்சயமா வேலை செய்யுதாமா?"

"செய்யுதும்மா. ரிசல்ட்டே வந்துருச்சு."

அனுமதி வாங்க வேண்டும், தயாரிக்க வேண்டும், இங்கே வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வருடமாவது ஆகும் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது நினைவில் இல்லை.

மறுநாள் நான் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. சமயபுரம் போயிருப்பதாக அப்பா சொன்னார். அவரும் கடைக்குக் கிளம்பிப் போனார். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு மொட்டைப் பெண் நின்றாள்.

"அம்மா இல்லைங்க" என்றேன்.

"நான்தான்டா."

என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்த மருந்து பலித்தால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். பலித்துவிட்டது. மாரியம்மனுக்குச் சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாதாம். டோல்கேட்டில் பஸ் மாறி, வரிசையில் நின்று, இறக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

நான் கத்தினேன். மருந்து கடைக்கே வரவில்லை, இன்னும் இரண்டு மூன்று வருடமாகும், ரிசல்ட் வேறு மருந்து வேறு என்றேன். அவள் கொல்லைக் குழாயடியில் குனிந்து தலையில் தண்ணீர் விட்டாள். சந்தனம் கரைந்து ஓடியது.

காதுக்கு மேலும் பிடரியிலும் மழித்த முடியின் அடிக்கட்டை நீலமாகத் தெரிந்தது. உச்சியில் ஒன்றுமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல், வழவழவென்று. அந்த வடிவம் எனக்குத் தெரியும். என் போனில் நூற்றைம்பது போட்டோ இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் இறங்கி, முன்னால் குறுகும். அப்படியே என்னுடையது.

"இது எப்பத்துலேருந்தும்மா?"

"ஆச்சு, ஏழெட்டு வருசம்."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தாள். உள்ளே சுருட்டி வைத்த சவுரி. நான் தினம் பார்த்த கொண்டையில் முக்கால்வாசி அதுதான். உச்சியைப் பக்கத்து முடியை இழுத்துச் சீவி மறைத்திருக்கிறாள்.

"இது சாமிக்கு ஆகாதுல்ல. கழட்டி வச்சுட்டுத்தான் உக்காந்தேன்."

வேலையில் இருந்தவரை காலை ஆறு மணிக்கு வந்து படுத்துவிடுவேன். விட்ட பிறகும் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததில்லை. அவள் தலை வாரி நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சின்னக்கடை வீதியில இதை வாங்கியாந்ததே அவருதான்டா. பையன்கிட்ட சொல்லாதீங்கன்னேன், சொல்லலை. நீ அவரை முறைக்கும்போதெல்லாம் எனக்குத்தான் சோறு இறங்காது."

துண்டால் தலையை ஒற்றி எடுத்தாள். முகம் தெளிவாக இருந்தது. பயணம் போய் வந்தவள் மாதிரி.

"ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம். இவ்வளவு நாள் இருந்தாச்சு. வந்ததும் உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு வாங்கிடு. பொம்பளைங்களுக்கும் அதே மருந்துதானே?"

போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அறிக்கை எனக்கு மனப்பாடம். இருந்தும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரி: பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரையிலான ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. முந்தைய கட்டங்களின் அறிக்கைகளிலும் அதே வரி இருந்தது. வயதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், நான் அதற்குள் வருகிறேனா என்று.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா."

அம்மா துண்டை நிறுத்தினாள்.

"பொம்பளைங்களுக்கு?"

"சோதிக்கவே இல்லை."

அவள் சவுரியை வெளியே எடுத்து, பழக்கத்தில் பின்கழுத்துக்குக் கொண்டு போனாள். கட்டுவதற்கு அங்கே முடி இல்லை. கை அப்படியே நின்றது.

"நாளைக்கு அங்கன்வாடி இருக்கேடா" என்றாள்.