தோளில் ஒரு கை

சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, கொள்ளியைப் பின்பக்கமாக வைத்ததுவரை ஜெயபாலன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தான். "வச்சதும் நேரா நடந்துடணும், திரும்பிப் பாக்கவே கூடாது" என்று அம்மாவின் தம்பி சின்னப்பா மாமா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் மலைத்துப்போய் நிற்கிறானே என்று அவன் வலது தோளில் கையை வைத்து லேசாகத் தள்ளினார். கை பட்டதுதான் தாமதம், ஜெயபாலனின் கால் தானாகச் சுழன்றது. முழுதாகத் திரும்பி, எரியத் தொடங்கிவிட்ட அண்ணனுக்கு நேராக நின்றான்.

"ஐயையோ, பாத்துட்டானே!" என்றார் யாரோ.

"கிறுக்குப் பயலே, என்னடா பண்ற?" மாமா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஏன் திரும்பினோம் என்று அவனுக்குத் தெரியும். சொன்னால் இந்தக் கூட்டத்தில் யாருக்குப் புரியும்?

அண்ணன் பொன்னுதுரை உஜோங் பாசிர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ்ஸில் தினமும் வருகிற ரோசாரியோ என்ற, போர்த்துக்கீசிய வழிவந்த செராணிக்காரர், பண்டார் ஹிலிரில் ஒரு நடனக் கூடத்தில் சாக்ஸபோன் வாசிப்பவர். டிக்கெட் கிழிக்கும்போது தொடங்கிய பேச்சு, அண்ணன் வேலை முடிந்து அந்தக் கூடத்தின் பின்கதவருகே நின்று ஸ்விங் ஆட்டத்தைப் பார்க்கிற அளவுக்குப் போனது. பார்த்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆட்டத்துக்கு ஜோடி வேண்டும். அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எந்தத் தமிழ்ப் பெண் அவனோடு கை கோத்து ஆட வருவாள்? வீட்டில் அகப்பட்டவன் தம்பிதான்.

"நீதான்டா பொண்ணு."

"ஏன், நீ பொண்ணா இரேன்."

"நான்தானடா பாத்துட்டு வந்தேன்! அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

அடுத்த வாரம் வரவே இல்லை. மேசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, வானொலியில் பாட்டு வந்தால் அதற்கும் வராவிட்டால் அண்ணனின் விசிலுக்கும் ஆடினார்கள். தோளில் கை பட்டால் திரும்ப வேண்டும். விரலை இழுத்தால் அருகே வர வேண்டும், விட்டால் விலக வேண்டும். எந்தப் பக்கம் போவது என்ற கவலை ஜெயபாலனுக்கு இருந்ததே இல்லை. அந்தச் சுகம் அவனுக்குப் பிடித்திருந்தது. "ஆடி முடிச்சிட்டு மேசைய எடத்துல போடுங்கடா!" என்று அடுப்படியிலிருந்து அம்மா தெய்வானையின் குரல் வரும்.

மஞ்சள் காமாலையில் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், புதிதாக வந்த சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் சில கடைகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ரோசாரியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி கூடவே வந்தார். ஒருமுறை அவர்தான் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் பஞ்சுக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் பிள்ளைகள் உண்டாக்கிய இசைதான் இந்த ஸ்விங். அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் வாத்தியக்காரர்கள் மெதுவாக, அழுகிற மாதிரி வாசித்துக்கொண்டு போவார்களாம். புதைத்துவிட்டு வரும்போது துள்ளலாக வாசிக்க, சனமெல்லாம் ஆடிக்கொண்டே வீடு திரும்புமாம்.

அதைக் கேட்டபோது அண்ணனுக்கு ஒரே குஷி. "அவங்களுக்குப் பஞ்சு, இங்க தோட்டத்துல நம்ம ஆளுங்களுக்கு ரப்பரு. ஆனா நாமதான்டா தலைகீழு. தப்படிச்சு ஆடிக்கிட்டே போறோம், வரும்போது வாய மூடிக்கிட்டு வர்றோம். நான் செத்தா நீ ஆடிக்கிட்டுதான் வீட்டுக்கு வரணும், சொல்லிட்டேன்."

"வாயக் கழுவுண்ணே" என்று ஜெயபாலன் அன்று சிரித்துவிட்டான்.

இன்று ஆடிவிடத்தான் நினைத்தான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அண்ணன் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் யார் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவது? அவனுக்குத் தெரிந்தது பாதி ஆட்டம். மீதிப் பாதியை இப்போதுதான் நெருப்பில் வைத்துவிட்டு வருகிறான். தெருவில் அத்தனை பேர் கூட வந்தும் ஜெயபாலன் தனியாகத்தான் நடந்தான். முச்சந்தியில் ரோசாரியோ அவன் கையை அழுத்தி, "சபார், தம்பி, பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸுக்குத் திரும்பினார்.

வீட்டைக் கழுவி விளக்கேற்றி வைத்திருந்தார்கள். ஆண்கள் கால் கழுவி விளக்கைப் பார்த்தார்கள். மாமாவுக்கு அதுவரை பொறுத்ததே பெரிது.

"அக்கா, ஒம் மவன் திரும்பிப் பாத்துட்டான். அவ்ளோ சொல்லியும் கேக்கல. குடும்பத்துக்கு ஆகுமா இது?"

தெய்வானை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நீ அவன் தோள்ல கை வச்சியா?"

மாமா விழித்தார். "வச்சேன். நடன்னு சொல்லத்தான்..."

"கை வச்சா திரும்பத்தான் செய்வான்" என்றாள்.

ஜெயபாலன் அம்மாவையே பார்த்தான். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டே இவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

சாயங்காலத்துக்குள் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். மாமாவும் குளிக்கப் போனார். கூடம் பெரிதாகத் தெரிந்தது. அண்ணனைக் கிடத்துவதற்காக ஒதுக்கிய மேசை சுவரோரமே நின்றது.

"மேசைய எடத்துல போடுடா" என்றாள் அம்மா.

அவன் போய்த் தன் பக்கத்தைத் தூக்கினான். நல்ல கனமான மேசை. எதிர்ப்பக்கம் அண்ணன் பிடித்து, "வா, வா, இப்ப திரும்பு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்துவான். இன்று அந்த முனை தரையிலேயே இருந்தது. தூக்கியதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஜெயபாலன் அப்படியே நின்றான்.

தெய்வானை எழுந்து வந்து அந்த முனையைப் பிடித்தாள். கண்ணைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்னு நீ சொல்லு. நான் வர்றேன்."

இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

"பின்னால போம்மா" என்றான். "மெதுவா... இப்ப இந்தப் பக்கம் திரும்பு."

அம்மா காலைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடியே, அவன் சொன்ன பக்கம் அடியெடுத்து வைத்தாள்.