பெஞ்சுக்கு அடியில் ஒரு சத்தம்

கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முதலாளியின் தங்கையைக் கட்டியதால் வந்த பெயர், தலை பாதி நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்றால் ராஜ உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இசைக்கருவிக் கடையின் பின்னால், கிட்டார் உறைகளும் காலி அட்டைப்பெட்டிகளும் அடைந்து கிடக்கும் ஓர் அறை, அதில் ஒரு முக்காலி, அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். ஜன்னல் கிடையாது. முன்கடையைப் பார்ப்பதற்குப் பலகைத் தடுப்பில் விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை மட்டும் உண்டு.

மாப்பிள்ளை பேஸ் கிட்டார் வாசிப்பவர். நான்கு தடித்த தந்திகள், பாட்டுக்கு அடியில் தரை போடுகிற வாத்தியம். அது ஒலித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறுத்தினால் மட்டும் பாட்டு பொக்கை வாயாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு வேளையில் உள்ளே உட்கார்ந்து தனக்காக வாசித்துக்கொண்டிருந்தார். முன்கடையில் ஒருவர் கிட்டாரைத் தட்டுத் தடுமாறி வாசிப்பது காதில் விழ, கை தன்பாட்டுக்கு அவரோடு சேர்ந்துகொண்டது. யாரும் சீண்டாமல் தூசி படிந்து தொங்கிய கிட்டார் அன்று விற்றுப்போனது. முதலாளி மச்சானுக்குப் பொறி தட்டிவிட்டது. மறுநாளே வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கரை மறைத்து வைத்து, வயரைச் சுவர் வழியாகப் பின்னறைக்கு இழுத்தார். அதிலிருந்து மாப்பிள்ளைக்கு வேலை இதுதான். ஓட்டை வழியாக வாடிக்கையாளரின் இடது கையைப் பார்க்க வேண்டும். எந்த ஸ்வரம் வருகிறது என்று கண்டு, காதுக்குத் தெரியாமல் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். நம் கையில் இவ்வளவு திறமையா என்று வந்தவர் பூரித்துப்போய் வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் அந்தச் சத்தம் வரவில்லை என்று திரும்பி வந்தால், உங்கள் வீட்டுச் சுவர் சரியில்லை என்று மச்சான் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயராகத் தலையில் கட்டுவார். அசகாய சூரர்.

இப்படிக் கடையைத் தாங்கிய வாத்தியத்துக்குக் கடையின் கேட்லாக்கில் என்ன இடம் தெரியுமா? கிட்டார்களுக்குப் பக்கம் பக்கமாக வண்ணப்படங்கள். கீபோர்டுக்கு நடுப்பக்கம். டிரம்ஸுக்கு மடித்து விரிக்கிற தாள். பேஸுக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில், ‘மற்றவை’ என்ற தலைப்பில், மைக் ஸ்டாண்டுக்கும் தோள் வாருக்கும் நடுவே தபால்தலை அளவில் ஒரு படம். போன வருஷம் அந்தப் படமும் தலைகீழாக அச்சாகிவிட்டது. ஒருவர்கூட கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை கேட்டதெல்லாம் ஒரே ஒரு முழுப் பக்கம். பக்கம் போட்டால் சரக்கு வரவழைக்க வேண்டும். சரக்கு வந்தால் முன்சுவரில் மாட்ட வேண்டும். மாட்டினால் வாசித்துக் காட்டி விற்க ஓர் ஆள் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம்தான் இந்தப் பொந்திலிருந்து வெளியே போகிற கதவு.

“அடுத்த வருஷம் பாக்கலாம் மாப்பிள்ள. பேஸ் யாரு வாங்குறா?”

“மாட்டி வச்சாத்தானே வாங்குவாங்க, மச்சான்?”

“கேட்டு வரட்டும், மாட்டிருவோம்.”

வருஷா வருஷம் இதே பேச்சு. வேறு கடை பார்க்கலாம் என்றால், குடியிருப்பது கடைக்கு மேல்மாடியில், மச்சானின் வீட்டில். “அண்ணன்கிட்ட முறைச்சுக்காதீங்க, புள்ளைங்க ஸ்கூலு பக்கத்துலயே இருக்கு” என்று மனைவி முணுமுணுப்பாள். படி ஏறினாலும் மச்சான், இறங்கினாலும் மச்சான்.

இந்த வருஷம் மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். கேட்லாக் அச்சுக்குப் போகிற அன்று காலையில் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்தவர் ஒவ்வொரு கிட்டாராக எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் பிடிக்கவில்லை என்று கிளம்பினார். அடுத்து வந்த கல்லூரிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மத்தியானம் மச்சான் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

“என்ன மாப்பிள்ள, விளையாடுறீங்களா?”

“பக்கம் வந்தா சத்தம் வரும், மச்சான்.”

மச்சான் முக்காலிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

“சரி. சாயங்காலம் அச்சகத்துக்குப் போன் பண்ணணும். அதுவரைக்கும் இதே மாதிரி ஒண்ணும் விக்கலைன்னா, உங்க பக்கத்தைப் போட்டுர்றேன். முன்னாடி வந்து நில்லுங்க. போதுமா?”

சும்மா இருந்தால் போதும். உலகத்தில் இதைவிட லேசான வேலை உண்டா?

வெயில் இறங்கும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். நர்ஸ் உடுப்பு, வேலை முடிந்து நேராக வந்த களைப்பு. பெஞ்சின் நுனியில், யாராவது எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல உட்கார்ந்தார். மச்சான் மலிவான கிட்டார் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவர் மெல்ல வாசித்தார். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு விரல் மாறுவதற்குள் பாட்டு அறுந்துபோனது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் அறுந்தது.

“வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இந்த வயசுல எனக்கெதுக்குன்னு” என்றார், யாரிடம் என்றில்லாமல். “சரியாத்தான் சொல்றாங்க போல. இது எனக்கு வராது.”

கிட்டாரைக் கீழே வைக்கப்போனவர், போகிற போக்கில் கடைசியாக ஒருமுறை மீட்டினார். மறுபடி அதே இடத்துக்கு வந்தார். விரல் தயங்கியது. மாப்பிள்ளை ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். விழுகிற ஆளைப் பார்த்துச் சும்மா இருக்கப் பழகாத கை அது. பேஸ் எப்போது மடிக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாது. அறுந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்வரம், அதற்கடுத்து இன்னொன்று. அந்த அம்மா அதன்மேல் காலை வைத்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

முதுகு நிமிர்ந்தது. பாட்டை முழுதாக வாசித்து முடித்தார். இன்னொருமுறையும் வாசித்தார். மாப்பிள்ளையும் கூடவே போனார், கண்ணில் தண்ணீர் நிற்க, நிறுத்த முடியாமல். தன் கையைத் தானே வெறுத்தார். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

“இதையே கட்டிக் குடுங்க” என்றார் அந்த அம்மா.

மச்சான் உறையை எடுத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கினார். “அச்சகமா? ஆமா, போன வருஷம் மாதிரியேதான். ஒண்ணும் மாத்த வேணாம். அடிச்சிருங்க.”

வாசல்வரை போன அம்மா திரும்பினார். “பெஞ்சுக்கு அடியில ஏதோ முனகுற மாதிரி இருந்துச்சே, அது என்னங்க?”

பின்னறையில் மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். கேட்டு வரட்டும், மாட்டிருவோம். இதோ, ஒருத்தர் கேட்டுவிட்டார். தந்தியில் வைத்த விரலை எடுக்காமல் காத்திருந்தார்.

“அதுங்களா? பழைய ஏசி மெஷினுங்க.”

“அப்படியா. கேக்க இதமா இருந்துச்சு. மாத்திராதீங்க.”

“சேச்சே” என்றார் மச்சான், தடுப்புப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு. “அது எங்கயும் போகாதுங்க.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அது திறக்கும் சத்தமும் கேட்டது. யாரோ பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டையில் கண்ணை வைத்தார்.