சர்வேயர் வீட்டுக் குடில் ரகசியம்

டிசம்பர் பத்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு, வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு, குளியலறை முக்காலியைப் பின்மதில் ஓரம் போட்டு அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார் தாவீது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஞானதுரை வீட்டுப் புழக்கடை. அதன் மூலையில் ஒரு நீலத் தார்ப்பாய் எழும்பியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அது அங்கே இல்லை. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, ஓரங்களில் செங்கல் பாரம் ஏற்றி, ஓர் எறும்பு உள்ளே போக வேண்டுமென்றாலும் ஞானதுரையிடம் கையெழுத்து வாங்கித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி இருந்தது அந்த ஏற்பாடு. “ஆரம்பிச்சிட்டான்” என்று பல்லைக் கடித்தார். பல்லுக்கு நடுவில் பிரஷ் இருந்ததால் அதன் கழுத்து முறிந்து, நுரை மொத்தமும் உள்ளே போய்விட்டது.

அவர்கள் சபையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், பாலகன் பிறந்த மாட்டுத் தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கும் குடில் போட்டி உண்டு. இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் குருவானவரும் இரண்டு பெரியவர்களும் வீடு வீடாக வந்து, குனிந்து பார்த்து, அதிரசம் தின்று, மார்க் போடுவார்கள். ஜெயித்த வீட்டுக்குக் கேடயம். நான்கு வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கேடயம் நிரந்தரமாக அந்த வீட்டுக்கே. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஞானதுரை மூன்று வருஷம் ஜெயித்தாயிற்று. ஜெயித்ததில்கூட தாவீதுக்கு வருத்தமில்லை. எப்படி ஜெயித்தான் என்பதில்தான். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் தாவீது நிஜத் தண்ணீர் ஊறும் கிணறு வைத்தார். ஞானதுரை குடிலிலும் கிணறு இருந்தது. அதில் உயிருள்ள தவளையும் இருந்தது. போன வருஷம் தாவீதின் ஒட்டகம் கழுத்தை வளைத்துப் பாலகனைக் கும்பிட்டது. ஞானதுரையின் ஒட்டகம் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து அசையும் போட்டது. குருவானவர் தாவீதிடம் மெதுவாக, “ரெண்டு பேருக்கும் ஒரே தரிசனமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு தாவீது ஒரு வருஷமாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

தாவீது முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயர். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு முழ நிலத்துக்காக ஒன்பது நாள் சங்கிலி பிடித்தவர். வந்தவன் போனவன் எல்லாரும் அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: பக்கத்து நிலத்துக்காரன் எல்லைக் கல்லை நகட்டிவிட்டான். கேட்டுக் கேட்டு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. கல் தானாக நகராது. யாரோ ஒருவர் கை வேண்டும். அவர் குடில் கட்டும் ஸ்டோர் ரூமுக்குள் கடந்த மூன்று வருஷமும் வந்து போனவர்கள் மூன்றே பேர். மனைவி லீலாபுஷ்பம், மருமகள் எப்சிபா, தெர்மோகோலும் சீரியல் லைட்டும் கொண்டுவந்து கொடுக்கும் ஃபேன்ஸி ஸ்டோர் சேக் மைதீன். இந்த மூன்றில் ஒரு கை. எது என்று தெரியாமல் இந்தக் கிறிஸ்துமஸ் கேக்கைத் தொட மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் போட்டிருந்தார். சர்க்கரை வியாதிக்கு எப்படியும் தொடக் கூடாதுதான்.

ஆகவே இந்த வருஷம் ஸ்டோர் ரூமுக்கு இரண்டு பூட்டு. சாவி பனியனுக்குள் ஊக்கு போட்டுக் கிடந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் தூங்கி எழுந்ததும் இரண்டு மணி நேரம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுத்தியல் சத்தம் கேட்கும். வீடு மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடும்.

உள்ளே ஒன்றும் இல்லை. அதுதான் ரகசியம். ஒரு மரக்கட்டையில் ஓர் ஆணியை அடித்து, பிடுங்கி, மறுபடி அடித்துக்கொண்டிருந்தார் தாவீது. வருஷா வருஷம் நவம்பர் மழையோடு யோசனையும் வந்து இறங்கிவிடும். பெரும்பாலும் முடிவெட்டும் நாற்காலியில்தான் இறங்கும்; ஒட்டக யோசனை வந்தபோது பாதித் தலையோடு வெள்ளைத் துணி பறக்க வீட்டுக்கு ஓடிவந்தவர் அவர். இந்த நவம்பரில் மூன்று தடவை முடி வெட்டிப் பார்த்தார். மண்டை உரித்த தேங்காய் ஆனதுதான் மிச்சம். காலை ஜெபத்தில் வழக்கமாகக் குடிலுக்காகவும் வேண்டிக்கொள்வார். அதற்கும் வாய் வரவில்லை. ஆண்டவரிடமே போய், இன்னும் ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லாத யோசனையைத் திருட வருகிறவனைப் பிடித்துவிட்டால், அந்தச் சந்தோஷத்திலாவது ஒன்று தோன்றாதா என்று பார்த்தார்.

பிடிப்பதற்கு வழி ஒன்று தோன்றியது. அதுவும் சர்வே வழிதான். மூன்று இடத்தில் மூன்று விதக் கல்லை நட்டுவிட்டுக் காத்திருப்பது. எது நகர்கிறதோ அங்கே கை.

லீலாபுஷ்பம் அடுக்களையில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். தாவீது கதவோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஏட்டி புஷ்பம், இங்கன வா. வெளிய மூச்சு விடப்படாது. இந்த வருசம் நம்ம பஸ் ஸ்டாண்டுதான் பெத்லகேம்.”

“எது, நம்ம சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டா?”

“யோசேப்பும் மரியாளும் வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு நிக்காங்க. கூட்டம். ஏற எடமில்ல. அங்கன சிமெண்டு பெஞ்சுல பிள்ள பெறக்கு.”

கரண்டி நின்றது. “எப்சிபாட்ட சொல்லிட்டீங்களா?”

“ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “பயறு கரியுது” என்று திரும்பிக்கொண்டாள். பயறு கரியவில்லை. தாவீது அதைக் குறித்துக்கொண்டார்.

எப்சிபா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மலைபோலக் குவிந்து, அந்த மலைக்குப் பின்னாலிருந்து சிவப்பு மையோடு அவள் கை மட்டும் தெரிந்தது. பெங்களூரிலிருந்து புருஷன் லீவுக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும். அவளிடம் விசைத்தறிக்கூடம் என்று சொன்னார். ஷிப்ட் முடிந்த தறிக்காரர்கள்தான் மேய்ப்பர்கள். பாலகன் நூல் கூடைக்குள். “மாமா, எங்கிட்டயா சொல்லுதீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே சட்டென்று எழுந்து நின்றாள். அதையும் குறித்துக்கொண்டார்.

சேக் மைதீனிடம் பூ மார்க்கெட். பிச்சிப்பூ மூட்டைகளுக்கு நடுவில் பிறப்பு. நட்சத்திரம் பார்த்துப் பாலகனைத் தேடி வந்த சாஸ்திரிகள் மூன்று பேரும் வெளியூர்ப் பூ வியாபாரிகள். சேக் மைதீன் கடை வாசலில் நட்சத்திரம் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டார்.

“எங்க வேதக் கணக்குல மர்யம் அலைஹிஸ்ஸலாம் பேரீச்ச மரத்தடியிலல்லா பெத்தாங்க. நீரு பூ மூட்டைங்கீரு. மணக்கத்தான் செய்யுது வே.”

“வெளிய போச்சுன்னா நம்ம சிநேகிதமும் போச்சு.”

“என் வாய் கல்லு சர்வேயரே. எம் பொண்டாட்டி ஆயிஷம்மாட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

பழைய அளவைப் புத்தகத்தில் மூன்று பெயரையும் மூன்று இடத்தையும் எழுதி, தேதி போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார். அதன் பிறகு தினமும் முக்காலிதான். தார்ப்பாய்க்கு மேலே பஸ்ஸின் தலை தெரிகிறதா, தறியின் கால் தெரிகிறதா, பூ மணம் வருகிறதா. ஞானதுரையின் தார்ப்பாய் அசையவேயில்லை. ஆனால் இந்தப் பக்கம் வீட்டுக்குள் அசைந்தது. பதினாலாம் தேதி லீலாபுஷ்பம் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் ஆட்டோவில் போய், சேலை முந்தானைக்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்து பீரோவைப் பூட்டினாள். முப்பத்தாறு வருஷத்தில் அந்த வீட்டு பீரோ பூட்டப்பட்டு அவர் பார்த்ததில்லை. அதற்குப் பூட்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினாறாம் தேதி எப்சிபா ஏழு மணிக்கு வந்தாள். “ஸ்பெஷல் கிளாஸ் மாமா” என்றாள். தலையில் பஞ்சும் நூல் தூசியும். எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் பஞ்சாகப் பறக்கிறது? பதினெட்டாம் தேதி தாவீது கடைக்குள் நுழைந்ததும் சேக் மைதீன் கல்லாப்பெட்டிக்கு அடியில் எதையோ தள்ளிவிட்டு, “வாரும், டீ சொல்லட்டா?” என்றார். இருபது வருஷமாக டீ சொல்லட்டா என்று கேட்டதில்லை, சொல்லிவிடுவார்.

மூன்று கல்லும் நகர்கின்றன. ஒரு துரோகியைத் தேடப் போனவருக்கு மூன்று கிடைத்தால் என்ன செய்வது? தாவீதுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தோசையோடு எழுந்துவிட்டார். அந்த வீட்டு வரலாற்றில் அது பூகம்பம்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல், முக்காலியில் ஏறியவர் அப்படியே மதிலைத் தாண்டிக் குதித்துவிட்டார். அறுபத்திரண்டு வயசில் வேட்டியோடு. குதித்த வேகத்தில் தார்ப்பாய்க் கயிறு காலில் மாட்டி, தார்ப்பாய் சரிந்தது. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில். கட்டில்மேல் ஞானதுரை மல்லாந்து படுத்து, தார்ப்பாய் இருந்த இடத்தில் வந்துவிட்ட ஆகாசத்தைப் பார்த்தான். வேறு ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை.

“யார்லே ஒனக்குச் சொல்லுதது?” என்றார் தாவீது. “எம் பொண்டாட்டியா, மருமவளா, சேக் மைதீனா?”

“எத அண்ணாச்சி?”

“வருசா வருசம் எங்குடில.”

ஞானதுரை எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தான்.

“நீங்கதான்.”

“என்னது?”

“காலம்பற அஞ்சு மணிக்கு ஜன்னலத் தொறந்துவச்சு ஜெபம் பண்ணுதீங்கல்லா. ‘ஆண்டவரே, ஒட்டகத்துக் கழுத்துல சைக்கிள் செயின் வச்சிருக்கேன், அது எறுகாம கிருபை செய்யும்’னு. நாங்க வீட்டுல அலாரமே வைக்கதில்ல அண்ணாச்சி. காதப் பொத்தியும் பாத்தேன். ஜெபத்தக் கொறச்சுப் பண்ணுங்கன்னு ஒரு மனுசன்ட்ட எப்படிச் சொல்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “இந்த வருசம் ஒரு சத்தத்தையும் காணும். எனக்கும் ஒண்ணும் ஓட மாட்டேங்கு. சும்மா தார்ப்பாயக் கட்டிட்டு உள்ள படுத்துக் கெடக்கேன்.”

தாவீது வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். யாரும் திருடவில்லை என்றால் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. அப்படியானால் அந்த ஆட்டோ? அந்தப் பஞ்சு? அந்த டீ? கேள்வி அவருக்கு முன்னால் நடந்து போய், அவர் வீட்டு வாசல் கதவைத் தள்ளித் திறந்தது.

புழக்கடை ஓரத்து ஸ்டோர் ரூம் பூட்டுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். லீலாபுஷ்பத்தின் கையில் ஒரு பஸ். அட்டைப் பெட்டியில் செய்து, பச்சை பெயின்ட் அடித்து, நெற்றியில் வாசுதேவநல்லூர் என்று எழுதி, ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். படிக்கட்டில்கூட நான்கு பேர் தொங்கினார்கள். எப்சிபாவின் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தறி, நிஜப் பாவு நூல் ஓட்டியது. சேக் மைதீன் ஒரு பையைத் திறந்து வைத்திருந்தார். ஆயிஷம்மாள் சாக்குத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பூ மூட்டைகள், கட்டைவிரல் அளவில், முப்பதோ நாற்பதோ. வாய் கல் என்றவர் வீட்டில் மட்டும் கொஞ்சம் கசிந்திருக்கிறது.

“எங்கிட்ட மட்டுந்தான்னாங்க” என்றாள் எப்சிபா, பஸ்ஸைப் பார்த்து.

“எங்கிட்டயும்” என்றாள் லீலாபுஷ்பம்.

சேக் மைதீன் சிரிக்கத் தொடங்கி, லீலாபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அளந்து பாத்திருக்கீரு வே எங்கள” என்றார்.

தாவீது வாயைத் திறந்தார். ஊரே அஞ்சு மணிக்குக் கேட்ட குரல், வரவில்லை.

லீலாபுஷ்பம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேக்காம நீங்களா வந்து எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. இத்தன வருசத்துல அது மொத தடவ. ராஜபாளையம் ரோட்டுல நின்னு, பஸ்ஸுக்கு எத்தன ஜன்னல்னு எண்ணிட்டு வந்தேன். அது பொய்யாக்கும்.” கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க.”

ஊக்கோடு சேர்த்து இழுத்தார். சாவியோடு பனியனும் கொஞ்சம் கிழிந்து வந்தது. இரண்டு பூட்டும் திறந்தன. வெறும் அறை. நடுவில் ஒரு மரக்கட்டை, சல்லடை மாதிரி ஆணித் துளைகளோடு. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். லீலாபுஷ்பம் குனிந்து கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் அந்தப் பார்வையில் நின்றது. அது என்ன என்று படிக்கும் அளவுக்கு அவர் அவளை அளந்ததில்லை.

“உள்ள வாங்க” என்றாள். தாவீது ஓர் அடி எடுத்து வைத்தார்.

“ஒங்கள இல்ல” என்றாள்.

எப்சிபாவும் சேக் மைதீனும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

நாளை மறுநாள் சாயங்காலம் குருவானவர் வருவார். தாவீது கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “பஸ்ஸ வாசப் பக்கமா வைங்க” என்றார். “தறிக்கு லைட்டு பின்னாலருந்து வரணும்” என்றார். உள்ளே யாரோ எதையோ இழுத்துப் போட்டார்கள். மதிலுக்கு மேலே ஞானதுரையின் தலை எழும்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று சைகையில் கேட்டது. தெரியாது என்று தாவீது கையை விரித்தார். ஞானதுரை நம்பவில்லை.

பிறகு சேக் மைதீனின் சிரிப்பு, எப்சிபாவின் சிரிப்பு. அதற்கு நடுவில் ஒரு பஸ் ஹாரன். திருப்பத்தில் அடிக்கிற நீள ஹாரன், இரண்டு சுதியில், அத்தனை அச்சாக இருந்ததால் அவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் பஸ் இல்லை. ஹாரன் மறுபடி அடித்தது. அது வாயால் அடிக்கிற ஹாரன். சேக் மைதீனின் வாய் இல்லை. எப்சிபா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தாவீது செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஒட்டி நின்று, கதவுப் பலகையில் காதை வைத்தார்.