நல்ல சுகம்

லொறி மோதி நாற்பத்தெட்டாம் நாள் அந்த லொறியின் இன்சூரன்ஸ்காரர் வந்தார். பெயர் குணம். மட்டக்களப்பிலிருந்து மருதமுனை வரை மோட்டார் சைக்கிளில் வந்ததில் முகமெல்லாம் புழுதி.

மீராசாஹிபு நாற்காலியில் இருந்தார். இடது காலை நூல்பெட்டியின் மேல் நீட்டியிருந்தார். மாவுக்கட்டை அவிழ்த்து ஆறு நாள். அவர் கைத்தறியில் ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்பவர். தறியை இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். ஒன்றரை மாதமாகத் தறி நிற்கிறது. வீட்டில் வேறு வருமானம் இல்லை.

பிறக்கிராசி வைத்து வழக்காடினால் மூன்று வருடம் இழுக்கும், கிடைப்பதில் பாதியும் போகும் என்றார்கள். அதனால் தாங்களே பேசித் தீர்ப்பது என்று அவருடைய மனைவி மைமூனா முடிவு செய்திருந்தாள். அவள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

குணம் படிவத்தை விரித்தார். ஊர் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"எப்படிக் காக்கா, சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல சுகம்."

குணம் எழுதினார். சீலைக்குப் பின்னால் ஓர் இருமல்.

"கால் எப்படி?"

"அல்லாஹ்ட காவல். ஒரு குறையுமில்ல."

அதையும் எழுதினார். இருமல் பலத்தது.

"நோவு இருக்கா?"

"அவன் தந்தத நோவு எண்டு சொல்லலாமா சேர்?"

குணம் பேனாவை மூடினார். "அப்ப இதுவரைக்கும் போன நாளுக்கு மட்டுந்தான் நான் நட்டஈடு எழுதலாம். இதில ஒரு கையெழுத்து வையுங்க."

சீலை விலகியது. மைமூனா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன எழுதின நீங்க சேர்? வாசிங்க பாப்பம்."

"நல்ல சுகம். குறை இல்லை."

"இவர் மௌத்தானாலும் கபுறுக்குள்ள இரிந்து அதைத்தான் சொல்லுவார். போன வருசம் சூறாவளில கூரை பறந்திட்டு. றோட்டுல நிண்டு போறவாற ஆக்களுக்கெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன மனிசன்."

"பின்ன? ஆண்டவன்ல முறைப்பாடு வைக்கச் சொல்றியா?" என்றார் மீராசாஹிபு.

"ஆண்டவன்ல வேணாம். லொறில வைங்க."

குணம் சிரித்துவிட்டார்.

"இவர்ட்டச் சுகம் கேக்கப்படாது சேர்," என்றாள் மைமூனா. "தறியிட்டக் கேளுங்க."

தறி பக்கத்துச் சாய்ப்பில் இருந்தது. மீராசாஹிபு தடியை ஊன்றிப் போய் உட்கார்ந்தார். வலது காலால் மிதித்தார். பாவு நூல் இரண்டாகப் பிரிந்தது. ஊடு நூலோடு நாடா குறுக்கே ஓடியது. இடது காலால் மிதித்தார். மிதி பாதிதான் இறங்கியது. பாவு பிரியவில்லை. நாடா நடுவில் சிக்கியது. நாலு இழை அறுந்தது.

"ஒண்டுமில்ல சேர்," என்று குனிந்து இழைகளை முடியத் தொடங்கினார். நெற்றி வியர்த்திருந்தது.

போன கிழமை குணம் பார்க்கப்போன ஒருவருக்கு முழங்கையில் வெறும் உரஞ்சல். அந்த ஆள் பாயை விட்டு எழும்பவில்லை.

முன்னால் எழுதிய வரியை வெட்டப் பேனாவைத் திறந்தார். வெட்டவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை சாரம் நெய்வீங்க?"

"மூணு," என்றாள் மைமூனா.

"ரெண்டு," என்றார் மீராசாஹிபு. "பெருநாளைக்கு முந்தின மாசம் மட்டும் மூணு."

"இன்னும் எத்தனை மாசம் மிதிக்க ஏலாது?"

"ஆறு," என்றாள் மைமூனா.

"டொக்டர் நாலு எண்டவர்."

"இஞ்சேருங்க, நீங்க ஆர்ர பக்கம்?"

"அவர் சொல்லட்டும் ராத்தா," என்றார் குணம். "உடைஞ்ச காலோட நல்ல சுகம் எண்டு சொன்ன மனிசன், மாசத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டார் எண்டு எங்கட கொழும்புக் கந்தோரில ஆக்களுக்கு விளங்கும். அந்த வரி அப்படியே கிடக்கட்டும். அதுதான் உங்களுக்குச் சாட்சி."

நாலு மாதமும் நாளுக்கு இரண்டு சாரமும் எழுதினார். மைமூனா அதோடு விடவில்லை.

"எலும்பு கோணலாப் பொருந்தினா? திரும்ப உடைச்சுக் கட்ட வேணுமெண்டா அந்தச் செலவு ஆர்ர?"

"அப்படி ஒரு வரி இந்தப் படிவத்தில இல்ல."

"கீழ இடம் இரிக்கே."

இடம் இருந்தது. குணம் எழுதினார். கொழும்பு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது, கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். முடிவு வரும்வரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். மைமூனா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்று கிழமையில் குணம் திரும்பி வந்தார். தட்டச்சில் அடித்த உடன்படிக்கை, காசோலை. மைமூனா விரல் வைத்து வாசித்தாள். முன்னே போன நாட்கள் இருந்தன. நாலு மாதம் இருந்தது. அவள் கேட்ட வரியும் இருந்தது. இரண்டாவது தடவையும் வாசித்துவிட்டுத் தாளைக் கணவனிடம் நீட்டினாள்.

மீராசாஹிபு பிஸ்மி சொல்லி, நிதானமாகக் கையெழுத்து வைத்தார். உருண்டை எழுத்து. கோடு போட்டதுபோல் நேர்.

மைமூனா எட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்தையாவது கொஞ்சம் நடுங்க வச்சிரிக்கலாம்."

"கை உடையல்லியே புள்ள," என்றார் அவர்.